பள்ளிக்கூடத்தில் 'போகாத' பிள்ளை

"எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல பாத்ரூமே போக மாட்டேங்குது, அவ்வளவு பிடிவாதம்." எருமப்பட்டியில் இந்த வாக்கியத்தை நான் பல வாய்களிலிருந்து கேட்டுவிட்டேன். ரேஷன் கடை வரிசையில், கோயில் திண்ணையில், பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்தில். சொல்லிவிட்டு ஒரு சிரிப்பும் வரும். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ஐந்து வயதுக் குழந்தை காலை எட்டரைக்கு வேனில் ஏறி மாலை நாலரைக்கு இறங்குகிறது. இடைப்பட்ட எட்டு மணி நேரமும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் 'பிடிவாதம்' என்று எழுதிக் கோப்பை மூடிவிட, குமாஸ்தாவாகவே காலம் தள்ளிய எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தக் குழந்தை அந்தக் கழிப்பறையைத் தணிக்கை செய்திருக்கிறது. அறிக்கையை எழுதத் தெரியாததால் அடக்கிக் காட்டுகிறது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிய பிறகும் பிரெஞ்சுப் பள்ளிகள் நடந்துகொண்டுதான் இருந்தன. என் தகப்பனார் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். பிரெஞ்சு படித்தால் பிள்ளை பிழைத்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு. வகுப்பில் வெளியே போக வேண்டுமென்றால் எழுந்து நின்று, கையைத் தூக்கி, "பியீழ் சொர்த்தீர், மெசியே?" என்று கேட்க வேண்டும். உச்சரிப்பு பிசகினால் மெசியே திருத்துவார். திருத்தியதை மறுபடி முழுதாகச் சொல்ல வேண்டும். அதற்குள் பையன் ஒரு காலை மற்றொரு காலோடு பின்னிக்கொண்டு நிற்பான். நாற்பது பேர் பார்ப்பார்கள். இரண்டு முறை இப்படி நின்றவன் மூன்றாவது முறை கேட்க மாட்டான், வீடு போய்ச் சேரும்வரை தாங்குவான். இலக்கணம் நன்றாக வந்தது, அதை மறுக்க முடியாது.

மொழி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நாம் வாய்க்கு வாய் சொல்லும் 'கக்கூஸ்' டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். உட்கார்ந்து எழும் நம் முறையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'துருக்கி முறை' என்பார்கள். நாம் அதையே 'இந்தியன்' என்கிறோம், நாற்காலி போன்றதை 'வெஸ்டர்ன்' என்கிறோம். வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. இன்று எருமப்பட்டியில் புதிதாகக் கட்டும் வீடுகளில் பாதிக்கு மேல் வெஸ்டர்ன்தான், என் முழங்கால்களும் அதற்கு நன்றி சொல்கின்றன. ஆனால் பள்ளிக்கூடத்தில் இருப்பது இந்தியன். பிறந்தது முதல் நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய குழந்தைக்குக் குந்தி உட்கார வராது. பின்னால் சாய்ந்து விழுந்துவிடுவோமோ என்று பயம். பாவாடையோ கால்சட்டையோ நனையும். நனைந்தால் வகுப்பில் சிரிப்பார்கள். இதை எந்தக் குழந்தையும் வீட்டில் கோவையாகச் சொல்லாது. "புடிக்கல" என்று மட்டும் சொல்லும்.

அடக்குவதால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மருத்துவர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள்: வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்க வேண்டும். ஐந்து வயதென்றால் ஏறக்குறைய 180 மில்லி, நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்று. எட்டு மணி நேரத்தை அந்த ஒரு டம்ளரில் அடக்க முடியாது. ஆகவே குழந்தை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. மாலையில் வாட்டர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வந்திருந்தால் விஷயம் புரிந்துவிடும். தண்ணீர் குறைந்து, சிறுநீரும் தேங்கினால் கிருமி சேருகிறது. எரிச்சல், காய்ச்சல் என்று போகிறது.

இரண்டுக்குப் போவதை அடக்குவது இதைவிட மோசம். தேங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது கெட்டியாகும். வெளியேறும்போது வலிக்கும். வலித்த குழந்தை அடுத்த முறை இன்னும் இறுக்கி அடக்கும். இப்படியே வாரக்கணக்கில் போனால் குடலின் கடைப்பகுதி விரிந்து, 'வருகிறது' என்ற உணர்ச்சியே மங்கிப்போகும். கட்டியாக நிற்பதைச் சுற்றி இளகியது மட்டும் கசிந்து உள்ளாடையில் கறை படும். தாய் அதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுப்பாள், அல்லது "இவ்வளவு பெரிய பொண்ணு, வெக்கமா இல்ல?" என்று அடிப்பாள். அது குழந்தை அறிந்து செய்வதே இல்லை. நிரம்பிய குடல் சிறுநீர்ப்பையையும் அழுத்துவதால், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவதும் உண்டு. இந்த நிலைக்கு வந்துவிட்டால் பாட்டி வைத்தியம் போதாது. குழந்தை மருத்துவரிடம் காட்டி, மலத்தை இளக்கும் மருந்தை அவர் சொல்லும் காலம்வரை, சில நேரம் மாதக்கணக்கில், விடாமல் கொடுக்க வேண்டும். ஒரு வாரத்தில் சரியானதும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்வது.

இப்போது பள்ளிக்கூடத்துக் கணக்குக்கு வருகிறேன். ஒரு பள்ளியில் அறுபது சிறுமிகள், மூன்று கழிப்பறைகள், பத்து நிமிட இடைவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கு இருபது பேர். ஆளுக்கு முப்பது விநாடி. அந்த முப்பது விநாடிக்குள் கதவைச் சாத்தி, பொத்தானைக் கழற்றி, உட்கார்ந்து, எழுந்து, தண்ணீர் ஊற்றி, வெளியே வர வேண்டும். என்னால் முடியாது. உங்களாலும் முடியாது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் முந்திக்கொள்வார்கள், சின்னது வரிசையில் நிற்கும்போதே மணி அடித்துவிடும். பிறகு வகுப்பில் எழுந்து கேட்டால், "இப்பதானே இன்டர்வெல் விட்டோம்?"

சட்டத்திலும் ஆணையிலும் குறை ஒன்றும் இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் எல்லா மாநிலங்களுக்கும் ஆறு மாதக் கெடு வைத்தது. 2014 சுதந்திர தினத்தன்று பிரதமர் செங்கோட்டையில் ஓராண்டுக் கெடு வைத்தார். கட்டடங்கள் எழுந்தன, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் தலைமுறையின் கிராமப் பள்ளிகளில் கருவேல மரத்தடிதான் இருந்தது. கேரளம் 2019இல் பள்ளிகளில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கத் தொடங்கியது. நம் தமிழ்நாட்டிலும் 2025இல் அந்த வாட்டர் பெல் வந்தது. நல்ல காரியம். ஆனால் குடித்த தண்ணீர் எங்கே போகும் என்று குழந்தைதான் முதலில் யோசிக்கிறது. படிவங்களில் எத்தனை கழிப்பறை, இயங்குகிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறார்கள். 'இன்று எத்தனை பிள்ளைகள் போனார்கள்' என்று ஒரு பத்தி இருந்தால் எல்லாம் வெளுத்துவிடும்.

யார் கழுவுவது என்ற கேள்விக்கு வரும்போதுதான் எல்லோரும் மென்று முழுங்குகிறோம். தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் பகுதி நேரத் துப்புரவுப் பணியாளர்தான். அவருக்குக் கொடுப்பதைச் சம்பளம் என்று சொல்லவே கூசும். அவர் ஒரு வாரம் வராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2022 கடைசியில் நம் பக்கத்து ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை அருகே நடந்ததை நினைத்துப் பாருங்கள். பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்தார்கள் என்று புகார் எழுந்து, தலைமை ஆசிரியை கைதானார். செய்தித்தாளில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சுத்தம் செய்ய ஆளில்லாத கழிப்பறைக்குப் போக மறுக்கும் குழந்தையும், அதைக் கழுவ அனுப்பப்படும் குழந்தையும் ஒரே கோப்பின் இரண்டு பக்கங்கள்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், பெயர் வேண்டாம், இரண்டு கழிப்பறைகள் இருந்தன. ஒன்று அதிகாரிக்கு, சாவி அவர் மேசை இழுப்பறைக்குள். மற்றது முப்பது பேருக்கு. அதற்குச் சாவி தேவைப்படவில்லை, கதவே மூடாது. அதிகாரியின் குழாய் ஒழுகினால் மறுநாள் காலையில் ஆள் வந்துவிடுவார். எங்கள் குழாய்க்கு மூன்று நினைவூட்டல் கடிதங்கள் நானே தட்டச்சு செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பள்ளிக்கூடங்களில் 'ஆசிரியர்களுக்கு மட்டும்' என்று பூட்டிய கழிப்பறை இருக்கும்வரை பிள்ளைகளின் கழிப்பறை நாறத்தான் செய்யும். அந்தப் பூட்டை எடுத்துவிட வேண்டும். ஆண், பெண் என்று பிரிவு இருக்கட்டும்; பெரியவர், சிறியவர் என்ற பிரிவு வேண்டாம். ஆசிரியைகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களிலும் எத்தனையோ பேர் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் பாடம் நடத்துகிறவர்கள்தான், எனக்குத் தெரியும். அவர்களும் அதே கதவைத் திறக்க வேண்டியிருந்தால், துப்புரவுப் பணியாளர் வராத நாளில் பதினோரு மணிக்கே தலைமை ஆசிரியருக்குத் தகவல் போகும். இப்போது அது போவதில்லை.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் வயிற்றுப் பேத்தி ஒன்றாம் வகுப்பு. என் மனைவி இந்த ஊர்ப் பெண், அதனால் அவளை 'அம்மாயி' என்கிறாள். என்னை மட்டும் 'தாத்தா' என்கிறாள். 'அப்புச்சி' ஆவதற்குரிய கொங்குத் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை போலும். வேனிலிருந்து இறங்கியதும் பையைக்கூடக் கழற்றாமல் பின்கட்டுக்கு ஓடுவாள். யாரும் திட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்து அவள் படம் வரைந்துகொண்டிருந்தபோது, "உங்க ஸ்கூல் பாத்ரூம வரைஞ்சு காட்டு கண்ணு" என்றேன். வரைந்தாள். கதவில் தாழ்ப்பாள் அவள் தலைக்கு மேலே இருந்தது. கீழே பக்கெட் இருந்தது, மக் இல்லை. சுவரில் பெரிதாக ஒரு பல்லி. பல்லியைத்தான் அவள் கவனமாக, விரல்களோடு வரைந்திருந்தாள். நான் கேட்டிருந்தால் மூன்று மாதமானாலும் இந்த மூன்றும் தெரிய வந்திருக்காது.

மகள் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தாள். நயமாகப் பேசினாள், பலன் இருந்தது. இடைவேளை மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே ஒன்றாம் வகுப்பை விட்டுவிடுவதாக டீச்சர் ஒப்புக்கொண்டார். கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், மேசைமேல் இருக்கும் அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்து வைத்துவிடலாம் என்றும் ஏற்பாடு. (மெசியேவின் வகுப்பில் இப்படி ஓர் அட்டை இருந்திருந்தால்!) ஒரு தோழியோடு சேர்ந்து போகலாம், ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்வாள். தாழ்ப்பாளைக் கீழே இறக்க ஆசாரிக்கு அரை மணி நேரம் ஆனது. மக் நாங்களே வாங்கிக் கொடுத்தோம்.

வீட்டுப் பக்கமும் வேலை இருந்தது. அம்மாயி தினமும் மாலையில் அவளோடு முற்றத்தில் குந்தி உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடினாள். ஒரு மாதத்தில் பேத்திக்குக் குந்த வந்துவிட்டது, பாட்டிக்குத்தான் எழுந்திருக்க ஆள் தேவைப்பட்டது. சாப்பிட்டதும் குடல் தானாகவே அசையும் என்பது உடம்பின் ஏற்பாடு. ஆகவே காலை எழுப்புவதை அரை மணி முன்னுக்குத் தள்ளி, பலகாரம் முடிந்ததும் பத்து நிமிடம் அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்கார வைத்தோம். வெஸ்டர்ன் என்பதால் கால் தொங்காமலிருக்க ஒரு மணைக்கட்டை. பிஸ்கட்டைக் குறைத்து, கொல்லிமலை வாழைப்பழம், கொய்யா, வாரத்தில் இரண்டு நாள் கம்பஞ்சோறு. போனாயா போகவில்லையா என்று மாலையில் விசாரணை வைப்பதில்லை என்று மூவரும் முடிவு செய்தோம். பாட்டில் காலியாக வருகிறதா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்ப்போம். இப்போது பெரும்பாலான நாட்களில் பாதிக்குக் கீழே வருகிறது.

ஒன்றை மறக்காமல் சேர்க்க வேண்டும். நேற்றுவரை போய்க்கொண்டிருந்த குழந்தை திடீரென்று போக மறுத்தால், பல்லியோ நாற்றமோ என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே யாராவது பயமுறுத்துகிறார்களா, தொடக்கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்று தனியாக, மெதுவாகக் கேளுங்கள். தயங்காமல் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

காசு பெரிய தடை என்று சிலர் சொல்கிறார்கள். நம் பக்கத்து முசிறியில் சுப்புராமன் என்பவர் தம் தொண்டு நிறுவனம் மூலம் பொதுக் கழிப்பறை அமைத்து, போய் வந்தவர்களுக்குச் சில்லறைக் காசு கொடுத்தே பழக்கினார். அரசு 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. பெரியவர்களுக்கே அவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது. 2018இல் ஆம்பூரில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, வீட்டில் கழிப்பறை கட்டித் தருவதாகச் சொன்ன அப்பா ஏமாற்றிவிட்டார் என்று காவல் நிலையத்தில் மனுக் கொடுத்தாள். வெளியே போக அவளுக்கு வெட்கமாக இருந்ததாம். அவளுக்குக் காவல் நிலையம் வரை போகத் தைரியம் இருந்தது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இல்லை, அவர்களுக்காகப் போக வேண்டியவர்கள் நாம்.

அரசு பள்ளியென்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், பாதிப்பேர் பெண்கள். தனியார் பள்ளியென்றால் கட்டணம் கட்டும் நாள் இருக்கிறது. நாமக்கல் பக்கம் சேர்க்கைக்குப் போகிறவர்கள் ஸ்மார்ட் வகுப்பையும் ஏசி வேனையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். அடுத்த முறை பேரப்பிள்ளைக்காகப் போகிறவர்கள், வயதைச் சாக்காக வைத்து, "ஐயா, எனக்கு அவசரம், பிள்ளைகள் போகிற கழிப்பறையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஆசிரியர் அறைச் சாவியை நீட்டினால் வாங்க வேண்டாம்.