சரக்கா? மனுஷனா?

"அமெரிக்கா பொன் விளையுற பூமி. துணிஞ்சு கப்பல் ஏறினவன் பிழைச்சுக்கிட்டான்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஏறியவர்கள் எல்லோரும் கரை சேர்ந்தார்களா?

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. பஞ்சம் தலைவிரித்தாடியது. அமெரிக்காவுக்குக் கட்டணம் கட்ட முடியாத ஏழைகள் கனடாவுக்குக் கிளம்பினார்கள். 1847-ல் மட்டும் கனடாவுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏறத்தாழ 1 லட்சம் பேர், பெரும்பாலோர் அயர்லாந்துக்காரர்கள்.

கனடாவுக்கு மட்டும் ஏன் மலிவு? அங்கிருந்து மரம் ஏற்றி வந்த கப்பல்கள் காலியாகத் திரும்ப வேண்டியிருந்தது. அந்த இடத்தில் பலகை அடித்து ஆட்களை அடைத்தார்கள். வரும்போது மரம், போகும்போது மனுஷன்!

ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல் பயணம். காற்று வராத கீழ்த்தளத்தில் பேன் மூலம் டைபஸ் காய்ச்சல் பரவியது. கியூபெக் அருகே குரோஸ் தீவில் அந்த ஒரே ஆண்டில் 5,000 பேருக்கு மேல் புதைக்கப்பட்டார்கள்.

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. பயணம் பத்து நாளாகச் சுருங்கியது. "பாத்தியா, இயந்திரம்தான் காப்பாத்துச்சு" என்பான் நம்ம மெக்கானிக்கல் நண்பன். பாதிதான் சரி. ஆளுக்கு இவ்வளவு இடம் தர வேண்டும் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் 1855-ல் சட்டத்தை இறுக்கியதை மறக்கலாமா?

நண்பர்களே! நாளை வரைபடம் போடப்போகிறவர்கள் நாம். இயந்திரத்துக்கு எவ்வளவு இடம் என்று கணக்குப் போடும் கை, அதன் பக்கத்தில் நிற்கப்போகும் மனுஷனுக்கும் கணக்குப் போடட்டும். இல்லையென்றால் நாம் படிக்கும் படிப்பு எதுக்கு?