ட்ரனியனுக்கு ஆயில் விட்டாச்சா?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு பொதுவான பழக்கம் உண்டு. ஸ்டியரிங் லேசாக ஆடுகிறதா? பள்ளத்தில் இறங்கினால் முன்சக்கரம் 'டக் டக்' என்கிறதா? உடனே உதிரிபாக கேட்லாக்கை விரித்துவிடுவார்கள். கலர் கலராகப் பாலியூரித்தேன் புஷ்கள், பளபள அலுமினியத்தில் ஸ்டியரிங் ரேக் கிளாம்புகள், உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஷாக் அப்சார்பர்கள், கடைசிப் பக்கத்தில் மோட்டார் வைத்த பவர் ஸ்டியரிங். பார்சல் வரும், ஒரு சனி ஞாயிறு போகும், வண்டி 'அப்கிரேட்' ஆகிவிட்டது என்று ஒரு திருப்தி. கோளாறு டிசைனில் இருந்ததா, தேய்மானத்தில் இருந்ததா என்ற ஒரு கேள்வியை மட்டும் பல பேர் கேட்பதே இல்லை. கேட்டிருந்தால் நிறைய பார்சல்கள் கடையை விட்டே கிளம்பியிருக்காது.

எந்த வண்டிகள்? எம்.ஜி.பி., ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் (இரண்டுமே 1962 முதல் 1980 வரை வந்தவை), டி.ஆர். வரிசை, லோட்டஸ் எலான், இந்த ரகம். கண்ணாடி அறையில் பூட்டி வைக்கிற கோடீஸ்வர வண்டிகள் இல்லை. சொந்தக்காரரே அடியில் படுத்து ஸ்பானர் பிடிக்கிற வண்டிகள். அதனால்தான் 'மாற்றித்தான் பார்ப்போமே' என்ற ஆசையும் அதிகம்.

முதலில் ட்ரனியன். ட்ரயம்ஃப் சொந்தக்காரர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற பாகம் இதுதான். முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தூண் ஒன்று இருக்கிறது. அதன் மேல்முனையில் ஒரு பால் ஜாயின்ட். கீழ்முனையில் பால் ஜாயின்ட் கிடையாது, மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு பித்தளை நிறக் கட்டிக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது போல்ட் நட்டுக்குள் சுற்றுவது போல தூண் அந்தக் கட்டிக்குள் சுற்றும். அந்தக் கட்டிதான் ட்ரனியன். வலது சக்கரத்துக்கு ஒரு திசை மரை, இடது சக்கரத்துக்கு எதிர்த்திசை மரை. மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் படம் வரைந்து பார்த்தால் 'அட, எவ்வளவு சுலபமான யோசனை' என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அதற்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே ஆயில் இருக்க வேண்டும். கிரீஸ் இல்லை, ஆயில். ஈ.பி.90 கியர் ஆயிலை கிரீஸ் கன்னில் ஊற்றி அடிக்க வேண்டும் என்று கம்பெனி கையேடே சொல்கிறது. பார்த்தால் கிரீஸ் நிப்பிள் மாட்டுகிற இடம், கையில் இருப்பதும் கிரீஸ் கன், அதனால் தலைமுறை தலைமுறையாக அதில் கிரீஸை அடித்தார்கள். நாளானால் கிரீஸ் கெட்டிப்படும், மரையின் இடுக்கில் போய்ச் சேராது. தண்ணீர் மட்டும் கச்சிதமாகப் போய்ச் சேரும்! மரை துருப்பிடித்து, தூண் அந்த இடத்தில் விரிசல் விட்டு, ஒருநாள் ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது முறியும். சக்கரம் மடங்கி வண்டி முட்டி போட்டு உட்கார்ந்துவிடும். பார்க்கிங்கில் நடந்தால் ஒரு மட்கார்டோடு போச்சு. எதிரே லாரி வருகிற வளைவில் நடந்தால்?

இதைக் கேட்டதும் எல்லோரும் சொல்வது, 'மட்டமான டிசைன், தூக்கிப் போட்டுவிட்டு ட்ரனியன் இல்லாத கிட் மாட்டு.' இங்கேதான் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும். இந்தத் தூண் 1959-ல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்ட் காருக்காகச் செய்தது. அதே ஹெரால்ட்தான் 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாராகி நம் ஊர் ரோடுகளில் ஓடியது (வீட்டில் தாத்தா யாராவது வைத்திருந்தால் முன்சக்கரத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கதை கிடைக்கும்). 25 அடி வட்டத்துக்குள் அந்த வண்டியைத் திருப்பிவிடலாம், லண்டன் டாக்ஸி மாதிரி. ஸ்பிட்ஃபயருக்கும் இதே அமைப்புதான் போனது. அதைவிட முக்கியம், லோட்டஸ் கம்பெனி தன் எலானுக்கு இதே ட்ரயம்ஃப் தூணையும் ட்ரனியனையும்தான் வாங்கிப் போட்டது. மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மரே, எலானின் ஸ்டியரிங் அளவுக்குத் தன் காருக்குக் கொடுக்க முடியவில்லையே என்று பல முறை வருத்தப்பட்டிருக்கிறார். உலகத்தின் மிகச்சிறந்த ஸ்டியரிங் என்று அவரைப் போன்றவர்களே கொண்டாடுவது இந்த 'மட்டமான' ட்ரனியன் வழியாகத்தான் ரோட்டைத் தொடுகிறது!

அதாவது ட்ரனியன் கெட்ட டிசைன் இல்லை. கவனிப்பைக் கேட்கிற டிசைன். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. தூணைக் கழற்றி, மரையைச் சுத்தம் செய்து, துருவோ விரிசலோ இருக்கிறதா என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் தூணை மாற்றி, அப்புறம் ஒழுங்காக ஆயில் விட்டு வந்தால் போதும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள், வண்டியை வெளியே யாரிடமோ கொடுத்து சர்வீஸ் செய்கிறவர்கள், நல்ல தரத்தில் தூண் கிடைக்காதவர்கள் கிட் மாட்டிக்கொள்ளட்டும், தப்பே இல்லை. ஆனால் ஒன்று. கிட்டில் வருகிற பால் ஜாயின்டும் தேயும், அதையும் யாராவது எட்டிப் பார்க்க வேண்டும்.

எட்டிப் பார்க்கப் போவது யார் என்பதுதான் இப்போது பெரிய கேள்வி. பிரிட்டனில் எம்.ஓ.டி. என்று வருடாந்திர சோதனை உண்டு. ஒருவர் வண்டியைத் தூக்கி, முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். 2018 மே மாதத்திலிருந்து 40 வயது தாண்டிய கார்களுக்கு அந்தச் சோதனை கட்டாயமில்லை. எம்.ஜி.பி.யும் ஸ்பிட்ஃபயரும் 1980-லேயே நின்றுபோனவை, அதனால் அத்தனை வண்டிகளும் அந்த வயதைத் தாண்டிவிட்டன. வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது, பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. விரும்பினால் தானாகப் போய்ச் சோதித்துக்கொள்ளலாம். கேட்லாக்கில் காசைக் கொட்டுகிறவர்கள் முதலில் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான்.

இந்த விலக்கில் இன்னொரு முடிச்சும் உண்டு. கடந்த 30 வருடத்துக்குள் வண்டியைப் பெரிய அளவில் மாற்றியிருந்தால் விலக்கு கிடையாது. சஸ்பென்ஷன் அல்லது ஸ்டியரிங்கின் வகையையே மாற்றுவதும் அந்தக் கணக்கில் வரும். பாதுகாப்புக்காகச் செய்த மாற்றம் என்றால் தளர்வு உண்டு. எது பாதுகாப்பு, எது ஆசை என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுவது சொந்தக்காரரேதான்.

அடுத்தது எம்.ஜி.பி. இதில் ட்ரயம்ஃபுக்கு நேர் எதிர். கிங்பின், ஒரு பக்கத்துக்கு மூன்று நிப்பிள், 3000 மைலுக்கு ஒரு முறை கிரீஸ் (இங்கே கிரீஸேதான்!). அதையும் சக்கரத்தைத் தரையிலிருந்து ஜாக்கியில் தூக்கிவிட்டு அடிக்க வேண்டும், அப்போதுதான் சுமை தாங்குகிற இடத்துக்கு கிரீஸ் போய்ச் சேரும். எத்தனை பேர் தூக்கிவிட்டு அடிக்கிறார்கள் என்பது வேறு கதை.

எம்.ஜி.பி.யில் அதிகம் அடிபடுவது லீவர் ஷாக் அப்சார்பர். கழற்றிவிட்டு டெலஸ்கோப் வகை மாட்டுவது ரொம்பப் பிரபலம். ஆனால் முன்பக்க லீவர் ஷாக் வெறும் ஷாக் அப்சார்பர் இல்லை. அதன் கைதான் மேல் விஷ்போன், சக்கரத்தின் மேல்பாதியைப் பிடித்திருப்பது அதுதான். மலிவான கிட்டுகள் என்ன செய்கின்றன? பழைய லீவரை உள்ளே வேலை செய்யாத வெறும் கீலாக அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் ஒரு டெலஸ்கோப்பை மாட்டுகின்றன. அந்தக் கீலின் பேரிங் தேய்ந்திருந்தால் சக்கரம் முன்பு போலவே ஆடும். அடக்கும் வேலையைப் புது ஷாக் பார்க்கும், பிடிக்கும் வேலையைத் தேய்ந்த பழசு பார்க்கும். இதற்கு அப்கிரேட் என்று பெயர்! அதே லீவரைக் கழற்றி, பேரிங்கும் சீலும் புதுசு போட்டு, கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றி மாட்டினால் பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். மேல் விஷ்போனையே தனியாகக் கொடுக்கிற முழு கிட் நியாயமானது, ஆனால் அதன் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும்.

பாலியூரித்தேன் புஷ் விஷயமும் கொஞ்சம் இப்படித்தான். ஸ்டீல் குழாய்க்குள் ஒட்டிய ரப்பர் புஷ் வேலை செய்கிற விதமே வேறு. அது வழுக்காது, முறுக்கிக்கொள்ளும். அதனால் வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் அதன் போல்ட்டை இறுக்க வேண்டும். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முழு நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். 'ரப்பர் நிற்கவே மாட்டேன் என்கிறது, பாலிக்கு மாறிவிட்டேன்' என்று சொல்கிறவர்களில் சிலராவது இப்படி மாட்டியவர்கள்தான். இன்னொரு பக்கம், இப்போது வருகிற சில ரப்பரின் தரம் நிஜமாகவே மோசம், இரண்டு மூன்று வருடத்தில் வெடித்துவிடுகிறது. அந்தப் புகாரில் நியாயம் இருக்கிறது. எம்.ஜி.பி.க்கு நடுவழி ஒன்று உண்டு. 1973-ல் வந்த எம்.ஜி.பி. ஜி.டி. வி8-க்கு கம்பெனியே போட்ட, ஸ்டீல் உறை உள்ள ரப்பர் புஷ். சாதாரண எம்.ஜி.பி.யிலும் அப்படியே உட்காரும். அதிர்வும் கைக்கு அதிகம் வராது, ஆட்டமும் குறையும். கலர்தான் கறுப்பு, அதனாலேயே அதற்கு விளம்பரம் இல்லை போலிருக்கிறது.

உண்மையில் காசைக் கரைப்பது தனித்தனிப் பாகங்கள் இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக வரும் சங்கிலி. எம்.ஜி.பி.யில் காஸ்டர் கோணம் 7 டிகிரி. ஒல்லியான டயருக்காகக் கணக்குப் போட்டது, ரேடியல் டயர் வந்தபோதும் 165 மி.மீ. அகலம்தான். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று 195 மாட்டுவார்கள். ஸ்டியரிங் கல்லாகிவிடும். உடனே காஸ்டரைக் குறைக்க ஆப்பு வைப்பார்கள். அப்புறம் மோட்டார்வேயில் வண்டி நேராக நிற்கவில்லை என்பார்கள். அப்புறம் பவர் ஸ்டியரிங். கூட்டிப் பார்த்தால் ஒரு ஜோடி டயர் செய்த வேலை இது. தோள்வலி, மூட்டுவலி உள்ளவர்களுக்கு மின்சாரப் பவர் ஸ்டியரிங் பெரிய வரம், அவர்களை வண்டியை விற்காமல் வைத்திருக்க விடுகிறது, அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அகல டயருக்காக மாட்டுவதுதான் அநியாயம்.

உயரத்தைக் குறைப்பதும் அப்படியே. 1974 கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காக எம்.ஜி.பி.க்கு ரப்பர் பம்பர் வந்தது, வண்டியையும் ஒன்றரை அங்குலம் தூக்கினார்கள். போதாக்குறைக்கு ரோட்ஸ்டரில் முன் ஆன்டி ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள், 1976-ல்தான் திரும்பக் கொடுத்தார்கள். அந்த இடைப்பட்ட வண்டியில் பார் மாட்டுவதை அப்கிரேட் என்று சொல்லக்கூடாது, திருடியதைத் திருப்பிக் கொடுப்பது! ஆனால் குட்டை ஸ்பிரிங் மட்டும் போட்டு இறக்கினால் விஷ்போனின் சாய்வு மாறும், ஸ்டியரிங் ரேக் பழைய உயரத்திலேயே இருக்கும். டை ராடும் விஷ்போனும் பொருந்தாத வட்டங்களில் சுற்ற, மேடு ஏறும்போது சக்கரம் தானாகவே திரும்பும். இறக்குகிறவர் ரேக்கையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

யோசிக்காமல் ஆதரிக்கக்கூடிய மாற்றம் ஒன்று உண்டென்றால் அது டி.ஆர்.2, டி.ஆர்.3 வண்டிகளில் ஸ்டியரிங் பெட்டியை எடுத்துவிட்டு ரேக் அண்ட் பினியன் போடுவது. பழைய பெட்டி எவ்வளவு சரி செய்தாலும் நடுவில் ஒரு மந்தம் இருக்கும். அதோடு, முன்பக்கத்திலிருந்து ஓட்டுநர் நெஞ்சை நோக்கி வருகிற நீளமான தண்டு வேறு. ரேக் வந்தால் நடுவில் ஜாயின்ட் வைத்த தண்டு வரும், முன்னால் மோதினால் ஈட்டி மாதிரி வராது. ட்ரயம்ஃபே 1961-ல் டி.ஆர்.4-க்கு ரேக் கொடுத்துவிட்டது. சுத்தவாதிகள் கோபப்படுவார்கள், படட்டும்.

ஸ்பிட்ஃபயரின் ரேக் ரப்பருக்குப் பதில் அலுமினியக் கட்டி போடுவதைப் பற்றி இரண்டு கட்சி. ஆயில் ஊறி உப்பிப்போன பழைய ரப்பரோடு ஒப்பிட்டால் அலுமினியம் அற்புதம்தான். புது ரப்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள்தான் குறைவு. அலுமினியம் போட்டால் ரோட்டின் ஒவ்வொரு கல்லும் கைக்கு வரும். பந்தயத்துக்குச் சரி, இருநூறு மைல் பயணத்துக்கு?

செலவு செய்தே தீருவேன் என்கிறவர்கள் வரிசையாகப் போகலாம். டயரின் வயதைப் பாருங்கள். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை ஆட்டுங்கள், எங்கே ஆடுகிறது என்று விரல் வைத்துக் கண்டுபிடியுங்கள். அதை மட்டும் மாற்றுங்கள். அலைன்மென்ட் பாருங்கள். ஆறு மாதம் ஓட்டுங்கள். அப்புறமும் குறை இருந்தால் கேட்லாக்கைத் திறக்கலாம். வீட்டில் ஒரு எம்.ஜி.பி.யும் ஒரு ஸ்பிட்ஃபயரும் இருக்கிற பாக்கியசாலிகள் மட்டும் இரண்டு கிரீஸ் கன் வாங்கி, ஆயில் உள்ளதன் மேல் பெரிய எழுத்தில் 'ட்ரயம்ஃப்' என்று எழுதி வைத்துக்கொள்ளவும்.