எழுபது சதவீதம்னா, எதுல எழுபது?

கூட வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன். கல்யாணமாகி அஞ்சு வருஷம். டெஸ்ட் பண்ணினதுல அவனுக்கு விந்தணு சுத்தமா இல்லைன்னு வந்துச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பேசி, அழுது, கடைசியில தானமா வர்ற விந்தணுவை வச்சு ஐயூஐ பண்ணிக்கலாம்னு முடிவெடுத்தாங்க. (அதுக்கு எவ்வளவு மனசு வேணும்னு யோசிச்சுப் பாருங்க மக்களே. நமக்கெல்லாம் வராது.) ஆஸ்பத்திரி நோட்டீஸ்ல '70% வெற்றி'ன்னு போட்டிருந்துச்சாம். மூணு தடவை பண்ணியாச்சு, நிக்கலை. இப்போ "அப்ப என்கிட்டயும் குறை இருக்கோ"ன்னு அந்தப் பொண்ணு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. வயசு 31.

எனக்குக் கோபமே அந்த எழுபது மேலதான். நமக்குத் தெரிஞ்சது கணக்கு, போட்டுப் பார்ப்போம். ஒரு தடவைக்கு வாய்ப்பு பத்து சதவீதம்னு சும்மா வச்சுக்குங்க. மூணு தடவை முடியிறப்போ 27. ஆறுல 47. பன்னிரண்டுல 72! அதே பத்துதான். நோட்டீஸ்ல போடுறப்போ மட்டும் வளர்ந்துடுது. இந்தக் கணக்குப்படி மூணு தடவையும் தோத்தவங்க நூத்துக்கு 73 பேர். இதுல அந்தப் பொண்ணோட குறை எங்கிருந்து வந்துச்சு?

நிஜ ஆய்வும் இருக்கு. 1982ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது, பிரான்ஸ்ல 2193 பெண்கள். எல்லார் கணவருக்கும் விந்தணு இல்லை, அதனால பெண்ணோட வயசு மட்டும் தனியா தெரியுது. 12 மாதச் சுழற்சி வரைக்கும் போனா 26-30 வயசுல 74 சதவீதம், 31-35ல 61.5, அதுக்கு மேல 54 கிட்ட. இதுவும் கரு தங்கினதுக்கான கணக்குதான், பிள்ளை பிறந்ததுக்கு இல்லை. அதுவும் பன்னிரண்டு சுழற்சிக்கு! நம்ம ஊர்ல நாலாவதுக்கே கையில காசும் இருக்காது, மனசும் இருக்காது.

2021ல நம்ம நாட்டுல இதுக்குன்னே சட்டம் வந்துச்சு. ஒரு கொடையாளியோட அணுவை ஒரே ஒரு தம்பதிக்குத்தான் தரணும், பிறக்கிற குழந்தை முழுக்க அவங்க குழந்தைதான்னு தெளிவா இருக்கு. அந்த ஆஸ்பத்திரியில வெற்றி வாய்ப்பு எவ்வளவுன்னு தம்பதிக்கு எடுத்துச் சொல்லணும்னும் இருக்கு. சொல்றதுன்னா நோட்டீஸ்ல ஒத்தை நம்பர் அடிக்கிறது இல்லைங்க. எந்த வயசுக்கு, ஒரு தடவைக்கு எவ்வளவு, அதுல எத்தனை குழந்தை பிறந்துச்சு, இந்த மூணையும் சேர்த்துப் போடாத சதவீதத்தை விளம்பரத்துலயே விடக்கூடாதுங்கிறது என் கட்சி.

போன வாரம் நண்பன் இதையே கேட்டிருக்கான். டாக்டரம்மா "பார்த்துச் சொல்றேன்"னாங்களாம். இன்னும் சொல்லலை.