மக்கு என்பதற்கு முன்னால் ரத்தத்தைப் பாருங்கள்

திருப்புலிவனத்துக்குப் பக்கத்தில்தான் உத்திரமேரூர் கல்வெட்டு. 2020-இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் வரைக்கும் அந்தக் குடவோலையைப் புகழ்ந்தாயிற்று. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனை, வேதப் படிப்பு உள்ளவன் பெயர்தான் ஓலையில் ஏறியது. குடத்தில் கைவிட்டு ஓலை எடுத்தது ஒரு சிறுவன். சேரிச் சிறுவனா என்ன?

அதே 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையை எந்த மேடையிலும் எவரும் படிக்கவில்லை. ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் உள்ள பிள்ளைகள் உலகில் சுமார் 80 கோடி. இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேல். சென்னையில் 3 முதல் 7 வயது வரையான 756 பிள்ளைகளைச் சோதித்து 2009-இல் வந்த ஆய்வில் சராசரியே 11-க்கு மேல். அமெரிக்காவில் 3.5 தொட்டாலே ஈயம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கச் சொல்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

பெட்ரோலில் ஈயம் 2000-இல் நின்றது. பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாதென்ற விதி 2017-இல் அமலானது. சரி, பழைய பேட்டரிய ஒடைச்சு உருக்குற வேலைய யாரு செய்றாங்க? அக்ரஹாரத்துலயா அடுப்பு எரியுது? வேலை முடிஞ்சு வர்ற அப்பன் சட்டையில தூசி. ஓடிவந்து கட்டிக்கிற புள்ள வாயில அது போவுது. பெரியவங்க உடம்பு வாங்கறதவிட நாலஞ்சு மடங்கு சின்னப் புள்ள உடம்பு உறிஞ்சிக்கும். ரத்தசோகை இருந்தா இன்னும் கூட. கஞ்சி குடிச்சி வளர்ற புள்ளைக்கு ரத்தசோகை இல்லாம வேறென்ன இருக்கும்?

அப்புறம் வாத்தியார் சொல்லுவாரு: "இதுங்க மண்டையில ஏறாது." தகுதி, திறமை என்று எழுதிக் குவித்தவர்களின் பிள்ளைகளும் ஈயத்தைத் தின்றால் இதே கதிதான். எங்கள் பிள்ளைகள் மக்கு என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை தோழர்களே. மூளையில் விஷத்தை விட்டுவிட்டு மதிப்பெண் கேட்கிறவனைத்தான் கேட்கிறேன்.

பிள்ளைகளைச் சோதிக்க 2013-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் பட்டியலில் 30 குறைபாடுகள் உண்டு, ஈயம் இல்லை. அங்கன்வாடியில் எடை போடுறாங்க, உயரம் அளக்குறாங்க. விரல் நுனியில் ரெண்டு சொட்டு ரத்தம் எடுத்தால் சில நிமிஷத்தில் ஈய அளவைச் சொல்லும் கையடக்கக் கருவி இருக்கிறது. போன மூளைத்திறனை மருந்து திருப்பித் தராது. முன்னாலேயே கண்டால் பிள்ளையை அந்தத் தூசியிலிருந்து விலக்கலாம்.

உடனே செய்யக் கூடியது: வேலைச் சட்டையை வெளியே கழட்டிட்டு, குளிச்சிட்டுப் புள்ளையத் தூக்குங்க. ஈரத்துணியால தரையத் துடைங்க. ஆனா இதச் சொல்லிட்டு அரசாங்கம் கைய கழுவ விடாதீங்க. அடுத்த கிராம சபையில், காலனி அங்கன்வாடியில் ஈயச் சோதனை வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். எழுதினதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க.