நாய் பட்ட பாடு

ரஷ்ய வரலாற்றில் நாய்களுக்கு உரிய இடம் கொடுத்துவிட்டதாகவே நாம் நினைத்திருந்தோம். விண்வெளிக்குப் போன லைக்காவின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உடலியல் விஞ்ஞானி பாவ்லவின் நாய் இல்லாத உளவியல் பாடப்புத்தகம் இல்லை. ஆனால் அந்த நாய்களைச் சொல்லி, மனிதர்களின் சாதனையைத்தான் பேசிவந்தோம். அவை பட்ட வேதனையை நாம் விசாரிக்கவே இல்லை. பாடம் நடத்தியவர்கள், அறிவியல் கட்டுரை எழுதியவர்கள், படித்து வியந்தவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

மணியோசை கேட்டால் பாவ்லவின் நாய்க்கு எச்சில் ஊறும் என்று விளக்கினோம். அந்த எச்சிலை அளப்பதற்காக, உமிழ்நீர் நாளத்தைக் கன்னத்துக்கு வெளியே திருப்பித் தைத்திருந்ததைச் சொல்லாமல் கடந்தோம். 1904-இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தவை செரிமான ஆய்வுகள். அதற்காகச் சில நாய்களின் உணவுக்குழாயை அறுத்துக் கழுத்தில் திறந்துவிட்டார்கள். நாய் ஆவலோடு தின்னும். விழுங்கிய இறைச்சி வயிற்றுக்குப் போகாமல் கழுத்துத் துளை வழியே வெளியே விழும். நாய் மறுபடியும் தின்னும். அப்போது சுரந்த இரைப்பை நீரைச் சேகரித்து அஜீரண மருந்தாக விற்கவும் செய்தார்கள். 1935-இல் லெனின்கிராடில், ஆய்வு நிறுவன வளாகத்திலேயே நாய்க்குச் சிலை எழுந்தது. அதோடு கடன் தீர்ந்தது என்று இருந்துவிட்டோம்.

1930-களில் சோவியத் செம்படை நாய்களைப் பட்டினி போட்டு, டாங்கிக்கு அடியில் உணவு வைத்துப் பழக்கியது. 1941-இல் அவற்றின் முதுகில் வெடிகுண்டுப் பையைக் கட்டி ஜெர்மன் டாங்கிகளை நோக்கி அனுப்பியது. டாங்கிக்கு அடியில் நுழைந்ததும், பையின் மேல் நிமிர்ந்திருக்கும் மரக்கட்டை சாய்ந்து குண்டு வெடிக்கும். பீரங்கிச் சத்தத்தில் மிரண்ட நாய்கள் பல, தங்களை வளர்த்தவர்களின் பதுங்குகுழிக்கே ஓடிவந்தன. குண்டோடு வந்தவற்றைச் சொந்தப் படையே சுட்டது. எத்தனை டாங்கிகள் அழிந்தன என்பதைத்தான் நாம் தேடிப் படித்தோம்.

லைக்கா மாஸ்கோ தெருவில் திரிந்த நாய். ரஷ்யப் புரட்சியின் 40-ஆம் ஆண்டு விழாவை ஒட்டி அவசரமாகத் தயாரான ஸ்புட்னிக்-2 விண்கலம், 1957 நவம்பர் 3-இல் அதை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. திரும்பி வர வழியே வைக்கவில்லை. சில நாள் உயிரோடு இருந்து நோகாமல் இறந்தது என்றார்கள், நம்பினோம். சில மணி நேரத்திலேயே வெக்கை தாங்காமல் இறந்தது என்ற உண்மை 2002-இல்தான் வெளிவந்தது. அந்தத் திட்டத்தில் இருந்த விஞ்ஞானி ஒலெக் கசென்கோ 1998-லேயே வருந்தினார்: நாயின் சாவுக்கு ஈடாகும் அளவுக்கு அந்தப் பயணத்திலிருந்து எதையும் கற்கவில்லை என்றார். அவருக்கு வந்த உறுத்தல் நமக்கு வரவில்லை. 1960 ஆகஸ்டில் விண்வெளிக்குப் போய் உயிரோடு திரும்பிய பெல்காவையும் ஸ்ட்ரெல்காவையும் கொண்டாடினோம். அதற்கு முந்தைய மாதம் ராக்கெட் சிதறி இறந்த பார்ஸ், லிசிச்கா என்ற நாய்களின் பெயர்களை மனத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

சோறு வைத்த கையை நாய் நம்பும். ஆய்வுக்கூடமும் படையும் விண்வெளித் திட்டமும் அந்த நம்பிக்கையைத்தான் கருவியாக்கின. அந்த ஆய்வுகளால் மருத்துவம் வளர்ந்தது என்பதும் உண்மை. பலனை அனுபவிக்கும் நாம் விலையை மறைக்கக் கூடாது. இனி பாவ்லவைப் பற்றிப் பாடம் எடுத்தால் கழுத்துத் துளையையும் சொல்ல வேண்டும்; லைக்காவைப் பற்றி எழுதினால் அந்தச் சில மணி நேரத்தையும் எழுத வேண்டும். பிள்ளைகள் கலங்குவார்கள், கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும். நாம் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.