மருந்தடித்த கையின் நடுக்கம் யார் கணக்கில்?

தோட்டத்திலே நாம் விஷத்தை 'மருந்து' என்கிறோம். புல் மருந்து, களை மருந்து, மருந்தடிக்கும் வேலை! நோய் தீர்ப்பதற்கும் மருந்து என்று பெயர்; ஆளைத் தீர்ப்பதற்கும் அதே பெயரா? இந்தப் பேச்சை நம் வாயில் பழக்கிவிட்டவர்கள் கெட்டிக்காரர்கள். உள்ளதை உள்ளபடி விஷம் என்று சொல்லியிருந்தால், பெரட்டுக் களத்தில் எந்தத் தாய் அந்தப் பம்பை முதுகில் ஏற்றியிருப்பாள்?

பாராகுவாட் என்ற களைக்கொல்லி 1962ல் விற்பனைக்கு வந்தது. பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் அதைத் தயாரித்தது. வந்த சில ஆண்டுகளுக்குள் நமது ரப்பர்த் தோட்டங்களில் புகுந்தது. பின்னாலேயே கம்பெனி ஆய்வாளரும் வந்தார். மலாயா ரப்பர்த் தோட்டங்களில் மருந்தடித்தவர்களைச் சோதித்து, 1969ல் பிரிட்டிஷ் தொழில் மருத்துவ ஏட்டில் எழுதினார். அவர் கண்டது என்ன? ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தோலிலும் கண்ணிலும் எரிச்சல். சிலருக்கு மூக்கிலிருந்து இரத்தம். சிலருக்கு நகம் கெட்டது. இத்தனைக்கும் அந்த ஏட்டில் கிடைத்த பெயர் 'சிறு எரிச்சல்'!

1981ல் அதே ஏட்டில் இன்னோர் ஆய்வு வந்தது. அதுவும் கம்பெனி ஆய்வாளர்கள் செய்ததே. அதுவும் நம் நாட்டுத் தோட்டத் தொழிலாளரைப் பற்றியதே. நுரையீரலைப் பார்த்தார்கள், தோலைப் பார்த்தார்கள், இரத்தத்தைப் பார்த்தார்கள். சொல்லத்தக்க கெடுதல் இல்லை என்று முடித்தார்கள்.

அவர்கள் பொய் எழுதினார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் யாரைப் பார்த்தார்கள் என்றுதான் கேட்கிறோம். வேலையில் இருந்தவனைப் பார்த்தார்கள். உடம்பு முடியாமல் வேலையை விட்டுப் போனவன் அந்தக் கணக்கில் எப்படி வருவான்? முப்பது வயதுக்காரனின் மூச்சை அளந்தவர்கள், அவனுக்கு அறுபது வயதாகும்போது கை நடுங்குகிறதா என்று பார்க்கத் திரும்பி வந்தார்களா? தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு இது நன்றாகத் தெரியும். செக்ரோலில் பெயர் அடிபட்ட நாளோடு அந்த ஆளைப் பற்றிய கணக்கு முடிந்தது. அவன் லயத்தைக் காலி செய்து பட்டர்வொர்த்திலோ நிபோங் திபாலிலோ பிள்ளைகளோடு ஒண்டியபின், அவன் கை எப்படி இருக்கிறது என்று எந்த நிர்வாகமும் கேட்பதில்லை.

கேட்டவர்கள் வேறு நாட்டில் இருந்தார்கள். 2011ல் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். அந்நாட்டு விவசாயிகளிலும் மருந்தடிப்போரிலும் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் கண்டவர் 110 பேரையும், அந்நோய் இல்லாதவர் 358 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாராகுவாட்டைக் கையாண்டவர்களிடம் அந்நோய் இரண்டரை மடங்கு அதிகமாகத் தென்பட்டது. மூளையில் உடலசைவை ஆளும் அணுக்கள் மெல்ல மெல்லச் செத்துவருவதே இந்நோய். முதலில் கை நடுங்கும். பிறகு நடை தளரும். சட்டைப் பொத்தானைப் போடவும் பிறர் உதவி வேண்டியதாகும்.

ஓர் ஆய்வு மட்டும் தீர்ப்பாகாது, ஒப்புகிறோம். தொடர்பு தெளிவாகத் தென்படாத ஆய்வுகளும் உண்டு. இவ்விஷத்தைப் பல்லாண்டு விற்றுவந்த சின்ஜெண்டா, தொடர்பே இல்லை என்று சாதிக்கிறது. சரி, சந்தேகம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். சந்தேகத்தின் பலன் யாருக்குச் சேரவேண்டும்? டப்பாவிற்கா, ஆளுக்கா? பிரான்ஸ் நாடு 2012ல் பதில் சொன்னது: பூச்சிமருந்தில் உழைத்த விவசாயத் தொழிலாளிக்கு நடுக்குவாதம் வந்தால் அது தொழில் நோய்.

நம் நாட்டுக் கதையைப் பாருங்கள். சுவிட்சர்லாந்து 1989லேயே இவ்விஷத்தைத் தடுத்துவிட்டது. 2002ல் தெனாகனித்தாவும், பினாங்கில் அலுவலகம் வைத்திருக்கும் பான் ஆசிய பசிபிக் அமைப்பும், மருந்தடிக்கும் தோட்டத்துப் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் பூச்சிமருந்து வாரியம் பாராகுவாட்டைப் படிப்படியாக ஒழிப்பதாக அறிவித்தது. முதலாளிமார் சும்மா இருந்தார்களா? செலவு ஏறும், செம்பனை தாங்காது என்று முறையிட்டார்கள். 2006ல் கதவு மீண்டும் திறந்தது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1ல்! பதினெட்டு ஆண்டு! 2002ல் பிறந்த பிள்ளை வேலைக்குப் போகும் வயதை எட்டிவிட்டது.

செலவு ஏறும், விளைச்சல் விழும் என்றார்களே, அது மெய்யா? தென் கொரியா 2012ல் விற்பனையை நிறுத்தியது. விஷம் குடித்துச் செத்தவர் தொகை பாதியளவுக்குக் குறைந்தது, விளைச்சல் குறையவில்லை. இந்த விஷத்திற்கு முறிவு மருந்து கிடையாது. ஒரு வாய் போதும். நம் லயங்களில் அது எத்தனை குடும்பத்தின் விளக்கை அணைத்தது என்பது நம்மவர் அறியாததல்ல.

"அதுதான் தடையாகிவிட்டதே, பழங்கதை எதற்கு?" என்பார் உண்டு. டப்பாவைத் தடுத்தார்கள், அடித்தவர் உடம்பை யார் சோதித்தார்கள்? டப்பா போன இடத்தில் வேறு டப்பா வந்திருக்கிறது. கிளைபோசேட் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுக்கழகம் 2015ல் வகைப்படுத்தியது. அமெரிக்க அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் அது ஆபத்தில்லாதது என்று பல்லாண்டு காட்டப்பட்டுவந்த 2000ஆம் ஆண்டுக் கட்டுரையை, 2025ல் அதை வெளியிட்ட ஏடே திரும்பப் பெற்றுக்கொண்டது. காரணம், விற்கும் கம்பெனியின் ஆட்களே அதை எழுதுவதில் கைவைத்திருந்தார்கள் என்பது! திருடனே சாட்சிக் கையெழுத்தும் போட்டால் வழக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு பல்லவியும் கேட்கிறோம்: "முகமூடி கொடுத்தோம், போடாதது தொழிலாளியின் குற்றம்." உச்சி வெயிலில் முதுகுச் சுமையோடு மேடு ஏறுகிறவள் ரப்பர் அங்கியும் முகமூடியும் அணிந்து மூச்சுவிடுவது எப்படி? ஆபீசில் காற்றாடிக்குக் கீழே அதே உடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்! பம்பு ஒழுகினால் நனைவது முதுகு. அந்தச் சேலை வீட்டுக்கு வந்து குழந்தையின் சட்டையோடு சேர்ந்து தோய்க்கப்படுகிறது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. முதலாவது, மருந்தடித்த ஒவ்வொருவருக்கும், வேலையை விட்டவருக்கும்கூட, முதலாளி செலவில் வைத்தியப் பரிசோதனை. இரண்டாவது, பூச்சிமருந்தால் வரும் நடுக்குவாதம் சொக்சோவில் பெயர் சொல்லப்பட்ட தொழில் நோயாகவேண்டும். மூன்றாவது, நம்மைப் பற்றிய ஆய்வு எதுவானாலும் அதற்குப் பணம் கொடுத்தது யார் என்பது நமக்குத் தெரிவிக்கப்படவேண்டும்.

கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்பதா? இல்லை. கிராணித் தோழர்களே! செக்ரோலில் 'மருந்தடிப்பு' என்று ஒரே சொல்லாக எழுதாதீர்கள். எந்த விஷம், எத்தனை பம்பு, எந்த நிரை, யார் முதுகில் என்று எழுதுங்கள். முப்பது ஆண்டு கழித்து ஒரு கை நடுங்கும்போது, அந்த ஒரு வரிதான் அதற்குச் சாட்சி. தொழிலாளத் தோழர்களே! டப்பாவில் என்ன இருக்கிறது என்று பெயர் கேளுங்கள். உடனடி அபாயத்தை முதலாளியிடம் சொல்லியும் அவர் சரிசெய்யாவிட்டால் அவ்விடத்தைவிட்டு விலகும் உரிமை 2024 ஜூன் 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. நம் நிரையில் இன்று பம்பு சுமக்கும் இந்தோனேசிய, வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். விஷம் கடப்பிதழைப் பார்த்து உடம்பில் இறங்குவதில்லை.

மரம் பால் தந்தால் அதை எடைபோட்டு எழுதுகிறார்கள். மனிதன் தந்த உயிரையும் எழுதவேண்டும். எழுதவைப்போம்!