அது பெருந்தன்மை இல்லைங்கோ!

போன ஜூன்ல நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, வட இங்கிலாந்துல யார்க்‌ஷயர் பக்கம் ஸ்வேல்டேல் பள்ளத்தாக்குக்கு நடக்கப் போயிருந்தோம். மியூக்கர் கிராமத்துல ஆரம்பிச்சு, ஸ்வேல் ஆத்தோரமாவே கெல்ட் வரைக்கும் போய், கிஸ்டன் குன்று மேல ஏறி இறங்கினா மறுபடியும் மியூக்கர். மொத்தம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். வழியில பாதிக்கு மேல யாரோ ஒரு விவசாயியோட புல்வெளி, ஆடு மேயற நிலம். சாந்து பூசாம அடுக்கின கல் சுவர்கள். அதுல ஒரு ஆள் மட்டும் நுழையற மாதிரி சந்து. எங்கேயும் எங்களை யாரும் ஏன் வந்தீங்கன்னு கேக்கலை.

கூட வந்த ஒருத்தன் உருகிட்டான். "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்டா! சொந்த நிலத்துல ஊரானை நடக்க விடறான் பாரு, என்ன பெருந்தன்மை!" இங்கிலாந்து போயிட்டு வந்து பயணக் கட்டுரை எழுதற நம்ம மக்கள்ல பலரும் இதையேதான் சொல்றாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வருது.

இல்லைங்க, அது பெருந்தன்மை இல்லை. சட்டம். பொதுப்பாதைன்னு பதிவான வழியை நில உரிமையாளர் மறிக்க முடியாது. நிலத்துக்குக் குறுக்கே போற பாதையை விதைக்கறதுக்காக உழுதா, 14 நாளுக்குள்ள பழையபடி நடக்கற மாதிரி பண்ணிக் குடுக்கணும். அந்த மாதிரி நிலத்துல பால்மாட்டு இனக் காளையை, பத்து மாசத்தைத் தாண்டினதுன்னா, விடவே கூடாது.

அந்தச் சட்டமும் சும்மா வரலை. கிஸ்டன் மேல நாங்க நடந்த வழிக்குப் பேரே பிணப்பாதை. 1580ல மியூக்கர்ல தேவாலயம் கட்டற வரைக்கும், இந்தப் பக்கத்து ஜனங்க செத்தவங்களைத் தூக்கிக்கிட்டு பள்ளத்தாக்குல கீழே இருக்கற கிரின்டன் வரைக்கும் நடந்தாங்க. எந்தப் பிரபுவும் தானமா குடுத்த வழி இல்லை, சனங்க கால் பட்டு உண்டான வழி. வேலி போட்டு அடைச்சு வெச்சிருந்த மேட்டு நிலங்களுக்காகச் சண்டையே நடந்துச்சு. 1932 ஏப்ரல் 24ல டார்பிஷயர்ல கிண்டர் ஸ்கவுட் மேல நூத்துக்கணக்கான பேர் அத்துமீறி ஏறினாங்க. அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. பொதுப்பாதைகளை வரைபடத்துல பதியணும்னு சட்டம் வந்தது 1949ல. மேட்டு நிலங்கள்ல பாதையை விட்டு விலகியும் நடக்கலாம்னு ஆனது 2000ம் வருஷச் சட்டத்துக்கு அப்புறம்தான்.

"சட்டம் இருந்தா என்ன, தொல்லையைப் பொறுத்துக்கறது விவசாயிதானே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. சுவர் தாண்டற படியையும் கேட்டையும் சரியா வெச்சுக்க வேண்டியதே நில உரிமையாளர்தான். ஆனா அதுக்கு நாம குடுக்க வேண்டியது கண்ணீர் இல்லை, ஒழுங்கு.

ஏன் சொல்றேன்னா, பெருந்தன்மைன்னு உருகின அதே மகராசன், மியூக்கர் புல்வெளியில கல் பாவின பாதையை விட்டு இறங்கி, பூவுக்கு நடுவுல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டான். 'ஒற்றை வரிசையில் செல்லவும்'னு பலகை வேற இருக்கு. கேட்டா, "புல்லுதானேடா!"

புல்லு இல்லை ராசா, அது பயிர். கோடையில அறுத்துக் காய வெச்சாதான் குளிர்காலத்துல ஆடு மாட்டுக்குத் தீனி. மிதிச்சுப் படுத்துப்போன புல்லை ஒழுங்கா அறுக்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ்ல 1930கள்ல இருந்த இந்த மாதிரி பூப்புல்வெளிகள்ல 97 சதவீதம் போயே போச்சு. மிச்சம் இருக்கறதுல நின்னு 'சீஸ்' சொல்றான்.

தானம்னு நினைக்கறவனுக்கு அது யாரோ விட்டுவெச்ச பூங்கா, எங்கே வேணும்னாலும் காலை வெப்பான். உரிமைன்னு தெரிஞ்சவனுக்குத்தான், தன் உரிமை அந்த ரெண்டடி அகலப் பாதையோட முடியுதுன்னும் தெரியும். அந்தப்பக்கம் போனா ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நடங்க. திறந்த கேட்டை மூடுங்க. யாருக்கும் கும்பிடு போடத் தேவையில்லை.

அவன் இன்னும் என்கூடப் பேசலை. பரவாயில்லை :-)